வானொலிக் கடிதங்களும் நமது அலட்சியமும்

சிராங்கூன் சாலைக்கு அணித்தேயுள்ள அடுக்குமாடி வீடொன்றிற்குச் சின்னாட்களுக்கு முன்னர் நாம் செல்ல நேர்ந்தது. அவ்வீட்டிற்குரிய பெரியவர் வானொலியின் தமிழ்ப் பகுதியில் நெடுங்காலம் அறிவிப்பாளராக இருந்து, ஓய்வுபெற்று, அண்மையிற் காலமானவர். வீடு கைமாறிவிட்டது; சாவியை ஒப்படைக்க இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன. வாசலில் ‘காராங்கூனி’க்காரர் தமது தள்ளுவண்டியுடன் நின்று, பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக எடைபோட்டுக்கொண்டிருந்தார். கூடத்தின் நடுவே ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. “அதில் என்ன, தம்பி?” என்று பெரியவரின் மகனைக் கேட்டோம். “அப்பாவுக்கு வந்த பழைய கடிதங்கள், மாமா. நேற்று ஒரு பெட்டி போயிற்று, இது இரண்டாவது. இனிமேல் இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?” என்றார் அவர். நேற்றுப் போன பெட்டிக்குக் கிடைத்த விலை இரண்டு குவளைத் தேநீருக்கும் போதாது என்று பின்னர் அறிந்தோம்.

இரண்டாவது பெட்டியை நாம் கேட்டு வாங்கிக்கொண்டோம். அன்றிரவே அதனைப் பிரித்துப் பார்த்தோம். மேலே, பெயரெழுதாத நிழற்படங்கள் ஒரு கட்டு. ஒலிவாங்கியின் முன் நிற்கும் இளைஞர்கள் யார் யாரென்று சொல்ல இனி ஆளில்லை. அதன் கீழ் நாடகப் பிரதிகள், ஒலிநாடாச் சுருள் இரண்டு, நேயர் ஒருவர் அன்பளித்த மைக்கூட்டுப் பேனா ஒன்று. அடியில், இற்றுப்போன இரப்பர் வளையங்களிற் கட்டிய நேயர் கடிதங்கள். ஜோகூர்த் தோட்டமொன்றிலிருந்து, பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த கோடிட்ட தாளில், ஒரே லயத்திலுள்ள எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பாட்டு வேண்டி எழுதியிருந்தன. கடிதம் ஒரு கையெழுத்து. கீழேயுள்ள பெயர்கள் எட்டுக் கையெழுத்து. அவற்றுள் மூன்று, கையெழுத்துக்குப் பதிலாக இட்ட பெருவிரல் ரேகைகள். செம்பவாங்கிலிருந்து எழுதிய ஓர் அம்மையார், கள்ளின் கேட்டைப் பற்றிய சொற்பொழிவை மறுபடியும் ஒலிபரப்ப வேண்டுமென்றும், முதன்முறை ஒலிபரப்பியபோது தம் கணவர் கடையில் இருந்துவிட்டாரென்றும் முறையிட்டிருந்தார். இன்னொருவர், அறிவிப்பாளர் ழகரத்தை வழுவவிட்ட நாளையும் நேரத்தையும் குறித்தெழுதி விளக்கம் கேட்டிருந்தார்.

இவை குப்பையா, தோழர்களே? குப்பையென்று கருதித்தான் முதற்பெட்டி போயிற்று. அதில் என்னென்ன இருந்தனவென்று இனி ஒருவரும் அறியப்போவதில்லை. அம்மகனை நாம் குறைகூற வரவில்லை. அவருக்கு இவற்றின் மதிப்பை எவர் எடுத்துச்சொன்னார்? எந்தச் சங்கம் வந்து கேட்டது? எந்தப் பத்திரிகை எழுதிற்று? ஆகவே நமது குற்றச்சாட்டு அவர்மீதன்று, நம்மீதே.

நிற்க. இதே போன்றதொரு பெட்டி பிறநாட்டில் என்ன கதியடைந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் வில்லிஸ் கோனோவர் என்றொரு வானொலியாளர் இருந்தார். ‘அமெரிக்காவின் குரல்’ நிலையத்தின் சிற்றலையில் 1955ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், 1996ஆம் ஆண்டில் தாம் மறையும் வரையில், ஜாஸ் இசையை உலகத்தார்க்கு வழங்கிவந்தவர் அவர். ஆங்கிலம் நன்கறியாதாரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பேசுவது அவர் வழக்கம். 1959இல் அவர் போலந்து சென்றபோது, வார்சா விமான நிலையத்தில் மக்கள் திரண்டு வரவேற்றனர். ஆனால் சொந்த நாட்டிலோ அவரை அறிந்தார் மிகச் சிலரே! அரசாங்கம் வெளிநாட்டார்க்கென நடத்தும் ஒலிபரப்பை உள்நாட்டிற் பரப்பலாகாதென்று 1948ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுத்திருந்ததே அதற்குக் காரணம்.

அத்தகையவர் மறைந்த பின்னர் அவருடைய கடிதங்களும், ஒலிநாடாக்களும், குறிப்புகளும், நினைவுப் பொருள்களும் பழைய தாள் கடைக்குப் போகவில்லை. வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் அவற்றை ஏற்று, வகைப்படுத்தி, பட்டியலிட்டுக் காத்துவருகின்றது. இன்று ஒரு மாணவன் அங்குச் சென்று, இரும்புத்திரை நாடுகளில் வாழ்ந்தவர்கள் ஒரு பாட்டுக்காக எத்துணை ஏங்கினர் என்பதை அவர்களுடைய எழுத்திலேயே காணலாம். சொந்த ஊரார் கேட்டறியாத குரலுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. நாள்தோறும் நம் வீட்டுக் கூடத்தில் ஒலித்த குரலுக்கு நாம் செய்த மரியாதை கிலோவுக்கு இத்தனை காசு என்பதே!

“ஜாஸ் உலகம் போற்றும் இசை; அதற்கு அந்த மதிப்புத் தகும். இங்கே வந்ததோ சினிமாப் பாட்டு கேட்டெழுதிய கடிதங்கள்தாமே?” என்று ஓர் அன்பர் நம்மிடம் கேட்டார். தமிழ் நூல்கள் பல கற்றவர் அவர். அவர் கூற்றுக்கு விடை பகர்வது அவசியமாகின்றது. ஏனெனில், படித்தவர்களின் இவ்வெண்ணமே கரையானிலும் கொடியது.

ஜாஸ் பிறந்தபோது அதனைப் போற்றியவர் எவர்? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டு, பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வதைபட்டோரின் வழிவந்த மக்கள், நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1900ஆம் ஆண்டையொட்டி வளர்த்தெடுத்த இசை அது. கனவான்கள் அதனைக் கீழ்மக்கள் கூச்சலென்று இகழ்ந்தனர். இசைக் கல்லூரிகள் நெடுங்காலம் அதற்குக் கதவடைத்தன. இசைத்தட்டும் வானொலியுமே அதனை உலகெங்கும் எடுத்துச்சென்றன. இன்று அதே இசைக்குப் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்குகின்றன. இகழ்ந்தவர்களின் பெயர் மறைந்தது. இகழப்பட்டதன் சுவடுகளைத் தேடி அறிஞர்கள் அலைகின்றனர்.

நம்மவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. இரப்பர்த் தோட்டத்திற்கும், துறைமுகத்திற்கும், கடற்படைத் தளத்திற்கும், சாலை வேலைக்கும் கப்பலேறி வந்த மக்கள் நாம். கிராணியின் கணக்கேட்டில் நமது பெயர் இருந்தது. கங்காணியின் பற்றுவரவில் நமது கடன் இருந்தது. நமது ஆசையையும், கோபத்தையும், நகைச்சுவையையும் நாமே நமது கையால் எழுதிவைத்த இடம் எது? சரித்திர ஆசிரியர்கள் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டுகின்றனர். அவற்றில் தொழிலாளி ஓர் எண். வேலைநிறுத்தம் செய்தால் ஒரு தொல்லை. இறந்தால் மீண்டும் ஓர் எண். ஆனால் வானொலிக்கு ஒரு பாட்டு வேண்டி எழுதியபோது, அவன் தன் மனைவியின் பெயரையும், பிள்ளைகளின் பெயரையும், லயத்தின் பெயரையும், தன் மனத்திலிருந்ததையும் எழுதினான். வாழ்நாளில் வேறெதுவும் எழுதாதவர்கள் பலர் எழுதிய ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம். பெருவிரல் ரேகையிட்ட அந்த மூவரின் சரித்திரம் வேறெந்த ஏட்டில் உண்டு என்று அவ்வன்பரை வினவுகின்றோம்.

சினிமாப் பாட்டு என்ற இகழ்ச்சியும் புதியதன்று. 1952இல் இந்திய அரசாங்கத்தின் வானொலித்துறை அமைச்சரான கேஸ்கர் அவர்கள், சினிமாப் பாட்டால் மக்களின் இரசனை கெடுமெனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதன் இடத்தை ஒடுக்கினார். விளைந்தது யாது? மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி, இலங்கை வானொலியைப் பிடித்தனர். அங்கே அதே ஆண்டில் அமீன் சயானி தொடங்கிய இந்திப் பாடல் நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. இலங்கையின் தமிழ் ஒலிபரப்போ தமிழ்நாட்டின் தெருத்தோறும் ஒலித்தது. ஐந்தாண்டுகள் கழிந்து, 1957இல், அகில இந்திய வானொலி ‘விவித பாரதி’யைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு மீண்டும் இடங்கொடுத்தது. ஆளவந்தாரின் மனத்தை மாற்றியது அறிஞர்களின் ஆராய்ச்சியா, நேயர்கள் திருப்பிய முள்ளா? சாதாரண மக்களின் விருப்பத்திற்கு அத்துணை வலிமை உண்டு. அவ்விருப்பத்தின் எழுத்துச் சான்றைத்தான் நாம் எடைக்குப் போடுகின்றோம்.

இனி, நமது ஊரைப் பார்ப்போம். சிங்கப்பூரில் 1937ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் பிரித்தானிய மலாயா ஒலிபரப்புக் கழகம் கால்டிகாட் குன்றில் முறைப்படி திறக்கப்பெற்றது. சப்பானியர் ஆட்சியில் அலைவரிசை அவர்கள் கைக்குச் சென்றது; போர் முடிந்து 1946இல் மலாயா வானொலி, 1959இல் சிங்கப்பூர் வானொலி, 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் என்று பெயர்கள் மாறிவந்தன; இன்று தமிழர்க்கென ‘ஒலி’ என்னும் தனி நிலையமே இயங்குகின்றது. இத்தனை மாற்றத்திலும் நாற்கிளையில் ஒன்றாகத் தமிழ் நின்றது. ஆட்சிமொழிகள் நான்கினுள் தமிழும் ஒன்றென்பதைச் சட்டப் புத்தகத்திற் படித்துத் தெரிந்தவர் சிலர். நாள்தோறும் செவியாற் கேட்டுத் தெரிந்தவரே பலர். அக்குன்றிலிருந்த நிலையம் பின்னர் வேறிடம் பெயர்ந்தது. நிலமும் 2020இல் விற்கப்பட்டது. கட்டடம் போய்விட்ட பின்னர் எஞ்சியிருப்பவை எவை? அங்கு உழைத்தோர் தம் வீட்டிற்கு எடுத்துச்சென்ற பெட்டிகளே.

ஒலிநாடாக்கள் இருக்குமே என்பீர்கள். எல்லாம் இருக்குமென்று நம்புவது பேதைமை. அக்காலத்தில் ஒலிநாடா விலையுயர்ந்த பொருள். ஒலிபரப்பி முடிந்ததை அழித்து, அதே நாடாவில் அடுத்ததைப் பதிவுசெய்வது பல நாடுகளிலும் நடந்தது. செல்வத்திற் சிறந்த பிபிசி நிறுவனமே 1960களிலும் 1970களிலும் தனது தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டுப் பின்னர் உலகெங்கும் தேடிற்று. எஞ்சிய நாடாவையும் நமது தட்பவெப்பம் விடாது. ஆண்டு முழுதும் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும் ஊர் இது. அசிட்டேட்டினாற் செய்த பழைய நாடா இவ்வீரத்தில் மெல்லச் சிதைந்து, புளிக்காடி நாற்றம் வீசத் தொடங்கும். அந்நாற்றம் வந்துவிட்டால் காலம் குறைவு என்பது பொருள்.

காப்பாற்றப்பட்டது எவ்வாறு பயன்படுகின்றது என்பதற்கும் நம்மிடையே சான்றுண்டு. ‘புதுமைதாசன்’ என்னும் பி. கிருஷ்ணன் அவர்கள் எழுதி, 1969-70இல் வானொலியில் 52 பகுதிகளாக வந்த ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ நாடகத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். கம்பத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறிய தமிழரின் திண்டாட்டத்தை நகைச்சுவையோடு காட்டிய நாடகம் அது. எழுத்துப் பிரதி நூலாக வந்தமையால் இன்றைய இளைஞனும் அதனைப் படிக்க முடிகின்றது. நூலாகாத நாடகங்கள் எத்தனை? அவற்றின் பிரதிகள் எந்தெந்தத் தகரப்பெட்டியில் உறங்குகின்றன?

அச்சேறியவற்றைக் காக்கச் சட்டமும் அமைப்பும் இருக்கின்றன. இங்கு வெளியிடப்படும் நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்திற்கு ஒப்படைக்கவேண்டுமென்பது விதி. 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய ஏடுகளை இன்று கணினியிற் படிக்கலாம். 2015இல் தமிழன்பர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, அதற்கு முந்திய ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கினர். அடுத்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டனர். இம்முயற்சிகளை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுவென்று எந்தச் சட்டமும் கட்டளையிடுவதில்லை. அது தனியார் வீட்டுப் பொருள். வீட்டார் மனம்வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

தமிழர்க்கு இந்நோய் பழையது. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த காலத்தில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடிகளையும், ஓமத்தீயில் இட்ட சுவடிகளையும் பற்றிக் கேட்டு மனம் நொந்தார். எஞ்சியவற்றைக் கொண்டு 1887இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சிட்டிராவிடில், இன்று நாம் எதைக் காட்டிப் பெருமை பேசுவோம்? ஏட்டை ஆற்றில் விடுவது புண்ணியமென்று நம்பிய மூடத்தனத்தைக் கண்டு நாம் நகைக்கின்றோம். அவர்களாவது புண்ணியங் கருதிச் செய்தனர். நாம் எதைக் கருதிச் செய்கின்றோம்? வீடு சுத்தமாகவேண்டுமாம்!

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு, பழைய சஞ்சிகை என்று பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்து, ஓரிலட்சத்தையொட்டிய உருப்படிகளை வைத்துவிட்டு 1992இல் மறைந்தார். அதன் அருமையுணர்ந்து விலைகொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் அத்தொகுப்பைக் கொண்டு சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது நமது நற்பேறு. கல்விமான்கள் துண்டுத்தாளென்று தள்ளியதைக் கைத்தொழிலாளி ஒருவர் காத்தார் என்பதை, சினிமாப் பாட்டுக் கடிதமென்று முகஞ்சுளிக்கும் அன்பர் எண்ணிப்பார்க்கட்டும்.

இன்னும் இரண்டு தடைகள் கூறப்படுகின்றன. முதலாவது, கடிதங்களில் அந்தரங்கச் செய்திகள் இருக்குமே என்பது. இத்தடை நேர்மையானது. தாள் பெற்றவருடையதாயினும், அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்குரியது. அவர் குடும்பத்தின் மானமும் அதில் அடங்கியுள்ளது. ஆகவே எல்லாவற்றையும் உடனே அச்சிடுக என்று நாம் கூறவில்லை. இத்தனையாண்டுகள் வரையில் எவர்க்கும் காட்டலாகாதென்ற நிபந்தனையோடு ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பது உலகெங்குமுள்ள வழக்கம். பூட்டிவைத்த கடிதம் நாளை திறக்கப்படும்; எரிந்த கடிதம் எந்நாளும் திறக்கப்படாது.

இரண்டாவது தடை, “அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்பது. 1968இல் நிறுவப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் கானிங் ரைசில் இருக்கின்றது. அதன் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கிற்று. 2015இல் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையமோ, நாம் காய்கறி வாங்கச் செல்லும் தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய கேம்பல் லேனில் இருக்கின்றது. கதவு இருக்கின்றது, தட்டவேண்டியவர் நாம். நமது கட்டிலின் அடியில் என்ன இருக்கின்றதென்று எந்த அதிகாரிக்குத் தெரியும்?

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்லி முடிப்போம். வானொலியில் உழைத்தோர், அவர்தம் மக்கள், அக்கரையிலுள்ள தோட்டத்து நேயர்கள் ஆகிய எல்லோர்க்கும் இது பொருந்தும். முதலாவதாக, பிரித்துப் பார்க்காமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள். கடிதங்களிலுள்ள குண்டூசியையும் இரப்பர் வளையத்தையும் எடுத்துவிடுங்கள். முன்னது துருவேறித் தாளை அரிக்கும், பின்னது உருகி ஒட்டும். கிழிந்த தாளுக்குச் செலோட்டேப்பு ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டில் ஒட்டவும் செய்யாதீர்கள். அவை செய்யும் கேட்டை நீக்குவது அரிது. நிழற்படத்தின் பின்புறம், முதியவர் உயிரோடிருக்கும்போதே, யார் யாரென்று கேட்டு மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். நாடாவைப் பழைய இயந்திரத்தில் நீங்களே ஓட்டிப்பார்க்க முயலாமல், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நமது சங்கங்கட்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவிற்கும் மாலை மரியாதைக்கும் செலவிடும் பணத்திற் சிறிதை ஒதுக்கி, பட்டியலெடுக்கத் தெரிந்த இளைஞர் இருவரை அமர்த்துங்கள். வானொலிக் கலைஞர் ஒருவர் காலமானார் என்ற செய்தி வந்தால், மலர்வளையத்தோடு செல்லும் பொறுப்பாளர், துக்கம் கழிந்த பின்னர் மீண்டும் ஒருமுறை சென்று, “பெட்டிகள் உண்டா?” என்று பணிவோடு கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியை எவரேனும் ஒருநாள் முன்னதாகக் கேட்டிருந்தால் முதற்பெட்டியும் பிழைத்திருக்கும்.

எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தெழுதிய அக்கடிதம் இப்போது நமது மேசைமேல் இருக்கின்றது. உரியவர்கள் ஒப்புதலோடு அதனை ஏனையவற்றுடன் காப்பகத்தில் சேர்ப்பிக்க முயல்வோம். அவர்கள் கேட்ட பாட்டு அன்று ஒலித்ததா இல்லையா என்பதற்கான விடை முதற்பெட்டியில் இருந்திருக்கக்கூடும். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம், தோழர்களே. இன்று மாலையே அதனைத் திறவுங்கள்.